கூசும் பல்லுக்குக் குறடு எடுக்காதீர்கள்

புதிதாகப் பல் மருத்துவத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, பல் வலிக்கிறது என்று வருகிறவரைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டாம். சொத்தை இருக்கும், சீழ் இருக்கும், எக்ஸ்ரே காட்டிக் கொடுத்துவிடும், கல்லூரியில் படித்ததும் கை கொடுக்கும். பல் கூசுகிறது என்று வருகிறவரிடம்தான் கவனமாக இருங்கள். வாயைத் திறந்து காட்டுவார். பார்த்தால் பல்லெல்லாம் வரிசையாக, உறுதியாக, ஒரு குறையும் இல்லாமல் நிற்கும். வெளியே நோயாளிகள் வரிசை வாசல்வரை நீண்டிருக்கும். “ஒன்றுமில்லை, ஒரு பேஸ்ட் எழுதித் தருகிறேன்” என்று அனுப்பிவிடத் தோன்றும். பெரும்பாலும் அதுவே போதும். போதாமல் போன ஓர் ஆளைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் அரசுப் பணியில் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்களிடம் இன்று இருக்கும் கருவிகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. நான் சேர்ந்தபோது ஒரு நாற்காலி, சில குறடுகள், கொதிக்க வைக்க ஒரு பாத்திரம், கிராம்புத் தைலம் இவ்வளவுதான் என் சாம்ராஜ்யம். குறடு மட்டும் கையில் இருந்தால் எந்தப் பல்லைப் பார்த்தாலும் பிடுங்கலாம் என்றுதான் தோன்றும். சிரிக்காதீர்கள். லேசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே வியாதி உண்டு.

சேர்ந்த புதிதில் கல்வராயன் மலைக்கு முகாம் போனோம். எனக்கு மேலே இருந்த மூத்த மருத்துவரும் வந்திருந்தார். அதிகம் பேசமாட்டார், பேசினால் குத்தலாகத்தான் பேசுவார். துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு ஒருவர் வெகுதூரம் நடந்து வந்து நின்றார். கீழ்வரிசை முன்பற்கள் எல்லாம் கூசுகின்றன, மொத்தமாக எடுத்துவிட வேண்டும் என்றார்.

“கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போறோம்மா. போனா திரும்பி வர எத்தினி மாசம் ஆவுமோ. அங்க பல்லு கூசிக்கினு கெடந்தா ஆரு பாப்பா? இப்பவே புடுங்கி வுட்டுடுங்க.”

எனக்கு அது நியாயமாகவே பட்டது. மனிதர் இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார், ஊரைவிட்டுப் போகப் போகிறார். ஊசி மருந்தை எடுக்கக் கை நீட்டினேன். மூத்தவர் என் கையைத் தட்டிவிட்டு, அவரிடம் எதைக் கொண்டு பல் துலக்குகிறார் என்று கேட்டார். அடுப்புக்கரி. எப்படித் துலக்குகிறார் என்று விரலால் செய்துகாட்டச் சொன்னார். ஆள் அம்மி அரைப்பது போலத் தேய்த்துக் காட்டினார். “கரியை விடு, கூச்சம் போகும்” என்று மருந்து தடவி அனுப்பிவைத்தார் மூத்தவர். அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

ஜீப்பில் மலை இறங்கும்போது மூத்தவர் சொன்னார்: “வலிக்கிற பல்லைப் பிடுங்கினாலும் கும்பிட்டுவிட்டுப் போவான், கூசுகிற பல்லைப் பிடுங்கினாலும் கும்பிட்டுவிட்டுப் போவான். ரெண்டாவது கும்பிடு வாங்கிக்கொள்ளாதே.”

அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று எங்களுக்குத் தெரியாது. கூச்சம் போனதோ, போன இடத்தில் யாரிடமாவது பிடுங்கிக்கொண்டாரோ. நம் தொழிலில் பாதிக் கதைகளுக்கு முடிவு தெரிவதில்லை, அதுவும் நல்லதுதான். தொடக்கத்தில் நான் சொன்ன ஆள் செல்வி. அவள் கதைக்கு எனக்கு முடிவு தெரியும்.

மலையிலிருந்து புளி இறங்கும் பருவம் அது. லாரி லாரியாக வந்து கள்ளக்குறிச்சியில் இருக்கும் கொட்டகைகளில் குவியும். ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை தட்டுவதெல்லாம் பெண்கள் வேலை. செல்வியும் அவள் அம்மா பூங்காவனமும் அப்படி ஒரு கொட்டகையில் கூலி வேலை செய்தார்கள். கருணாபுரத்தில் வீடு. செல்விக்குக் கல்யாண வயது. என் அறைக்குள் வந்தவள் தாவணித் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டே நின்றாள். வெட்கம் என்று நினைத்து, “வாயத் தொறக்காம எப்படிம்மா பல்லப் பாக்கறது?” என்று கேலி செய்தேன். வெட்கம் இல்லை என்பது அவள் பேசத் தொடங்கியதும் புரிந்தது.

“காத்து பட்டாலே ஜிவ்வுங்குது டாக்டரம்மா. தண்ணி குடிக்க முடியல. காலைல பழையது துன்னுட்டுத்தான் வேலைக்குப் போவோம். இப்ப அது வாய்ல வெக்க முடியல. வெறும் வயித்தோட போய்க்கினு கீறேன்.”

குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பஞ்சை மேல்வரிசை முன்பல்லில் லேசாகத் தொட்டேன். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டாள். அவள் கை பட்டு என் தட்டு கீழே விழுந்து கருவிகள் எல்லாம் சிதறின. கூச்சம் உள்ளவர்கள் முகம் சுளிப்பார்கள், உறிஞ்சுவார்கள். இப்படி ஒரு துள்ளலை நான் பார்த்ததில்லை.

திரும்ப உட்கார வைத்து நன்றாகப் பார்த்தேன். மேலே நான்கு முன்பற்கள் மட்டும் மற்றப் பற்களைப் போல இல்லை. இயற்கையான மினுமினுப்பு போய், சாக்கட்டி போல மங்கியிருந்தன. விளிம்புகள் மெலிந்திருந்தன. இவ்வளவு தேய்ந்தும் உள்ளே பழுப்புக் கோடுகள் அங்கங்கே தெரிந்தன. அது தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு கொடுக்கும் கறை. பிள்ளைப் பருவத்தில், ஈறுக்குள் பல் உருவாகும்போதே படிந்துவிடுவது. செல்வி சின்ன வயதில் வேறோர் ஊரில் உறவினர் வீட்டில் வளர்ந்தவள், அங்கே போர் தண்ணீர்தான் குடித்தாளாம்.

“புளி நெறைய திம்பியா?”

“வேலையே அதானுங்களே. ஒண்ணு ரெண்டு வாய்ல போட்டுக்கறதுதான். எல்லாருந்தான் போட்டுக்கறாங்க.”

“எதால பல்லு தேய்க்கற?”

பூங்காவனம் முந்திக்கொண்டு, “பல்பொடிதாங்க” என்றாள். செல்வி அம்மாவைத் திரும்பிப் பார்த்து, “சொல்லேம்மா” என்றாள். அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் நல்லவன், சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் இருந்தது. பூங்காவனத்துக்கு மகளின் பல் கறைதான் உறுத்தல். இதற்கு முன் வந்த ஒரு கூட்டம் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனதாக அவளுக்கு நினைப்பு. ஆகவே தானே மகளை உட்கார வைத்து, வேலை முடிந்து வந்ததும் புளியும் செங்கல் தூளும் சேர்த்துத் தேய்த்துவிட்டிருக்கிறாள். ஒருநாள் இரண்டு நாள் இல்லை. செல்வி வலி தாங்காமல் முகத்தைத் திருப்பினால், கல்யாணம் ஆகிற வரைக்கும் பொறுத்துக்கொள் என்று தாடையைப் பிடித்துக்கொண்டு தேய்த்திருக்கிறாள்.

“எதுக்கும்மா இப்படிப் பண்ணின?” என்று கோபத்தில் கத்தியே விட்டேன்.

“பித்தள குண்டான்ல புடிச்ச களிம்பு புளியும் செங்கத்தூளும் போட்டாத்தானுங்களே போவுது. எங்க கொட்டாயில கல்யாணம் வெச்சா பொண்ணுங்க அப்டித்தாங்க தேச்சிக்கும். பல்லு கற மட்டும் போவாதாங்களா?”

“குண்டானுக்கு உசுரு இல்லம்மா. பல்லுக்கு உசுரு இருக்கு.”

அவள் முந்தானையில் கைகளைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தேன். புளி உடைத்து உடைத்து விரல் நுனியெல்லாம் வெடித்துக் கறுத்திருந்தது. அந்த விரலால்தான் மகளுக்குத் தேய்த்திருக்கிறாள். என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நீங்கள் படித்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். புளிப்பு, பல்லின் மேல்தோலைக் கொஞ்ச நேரம் இளக வைக்கும். சும்மா விட்டால் எச்சிலே அதைத் தேற்றிவிடும். இளகியிருக்கும் நேரத்தில் எதையாவது போட்டுத் தேய்த்தால் அது கரைந்து போகும், போனது திரும்ப வளராது. அதனால்தான் புளிப்புத் தின்றால் வெறும் தண்ணீரில் கொப்பளி, உடனே பல் துலக்காதே, பிறகு மெல்லிய பிரஷ்ஷால் பதமாகத் துலக்கு என்று சொல்கிறோம். செல்விக்கு இளக வைப்பதும் தேய்ப்பதும் ஒரே நேரத்தில் நடந்திருக்கிறது. வேண்டுமென்றே பல்லைக் கெடுக்க நினைத்தால்கூட இதைவிட நல்ல வழி நமக்குக் கிடைக்காது.

கூச்சத்துக்கு அன்று என்னிடம் இருந்த மருந்துகளில் ஒன்று பல்லைக் கறுப்பாக்கிவிடும். கல்யாணப் பெண்ணின் முன்பல்லில் அதைத் தடவ முடியுமா? இன்னொன்று நிறம் மாற்றாது, ஆனால் திரும்பத் திரும்ப வந்து தடவிக்கொள்ள வேண்டும். அதைத்தான் தடவினேன். தேய்ப்பதை நிறுத்தினால் கூச்சம் மெல்ல அடங்கும் என்றேன்.

செல்வி கேட்டாள்: “தேய்க்கறத வுட்டுட்டா கற திரும்பி வந்துடுமா டாக்டரம்மா?”

“கறை போகவே இல்லம்மா. அது பல்லுக்குள்ள இருக்கறது. மேல தேஞ்சதால கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரியுது, அவ்வளவுதான்.”

“அதுக்கு மருந்து இருக்குதுங்களா?”

“இங்க இல்ல.”

அவள் தலையை ஆட்டினாள். பூங்காவனம் கிளம்பும்போது என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “கறன்னு மட்டும் ஆரு வந்து கேட்டாலும் சொல்லிடாதீங்க தாயே.” நோயாளி சொன்னதை வெளியே சொல்வது என் வழக்கம் இல்லை என்றேன். அது அவளுக்குப் போதவில்லை. என் வாயால் “சொல்லமாட்டேன்” என்று வரும்வரை கையை விடவில்லை.

அடுத்த முறை வந்தபோது கூச்சம் கொஞ்சம் குறைந்திருந்தது. பூ வைத்து நிச்சயம் செய்ய நாள் குறித்திருந்தார்கள். அன்று குளிர்ந்தது எதையும் வாயில் வைக்காதே, வெதுவெதுப்பான தண்ணீரே குடி என்று சொல்லி அனுப்பினேன். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பூ வைக்கும் அன்று நடந்ததைப் பிறகு செல்வியே சொன்னாள். மாப்பிள்ளையின் அக்கா தலையில் பூ வைத்து, பொட்டு வைத்து, ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த ஒரு கலர் பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்து, “குடி” என்றிருக்கிறாள். நாத்தனாராக வரப்போகிறவள் ஆசையாகக் கொடுப்பதை எப்படி மறுப்பது? ஒரு வாய் குடித்திருக்கிறாள். அவ்வளவுதான், அலறல். உடம்பு வெட்டி இழுத்தது, பாட்டில் கீழே விழுந்து உடைந்தது. நல்ல காரியம் நடக்கும் இடத்தில் கண்ணாடி உடைந்ததையே பெண்கள் முகம் சுளித்துப் பார்த்தார்களாம். அந்த இழுப்பைப் பார்த்த மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு வேறு பயம் வந்துவிட்டது.

அவர் மறுநாள் காலையிலேயே தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். பல் கூச்சம்தான், வேண்டுமானால் டாக்டரம்மாவைக் கேளுங்கள் என்று பூங்காவனம்தான் சொல்லியிருக்கிறாள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க டாக்டரம்மா. எங்க அக்காவோட பெரிய மவனுக்குக் கட்டிக்கினு வந்த பொண்ணுக்கு வலிப்பு. மறச்சிக் குடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணு பாவம், அடுப்பாண்ட ஒக்காந்துக்கினு இருக்கும்போது வந்துடுச்சி. எங்களால அத காப்பாத்த முடியல. இன்னொரு வாட்டி எங்க வூட்ல அது நடக்கக் கூடாது. இந்தப் பொண்ணுக்கு வலிப்பு இருக்குதா, இல்லியா? அது ஒண்ணு சொல்லுங்க, போதும்.”

நல்ல மனிதர். அவர் கேட்டது நியாயம்.

“வலிப்பு எதுவும் இல்லங்க. பல் கூச்சம்தான்” என்றேன்.

“எனுக்குந்தான் பல்லு கூசுது. ஊர்ல எல்லாருக்குந்தான் கூசுது. ஆராவது இப்டிக் கத்தி வுழுவாங்களா? எதனால இவ்ளோ கூச்சம்?”

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். புளியும் செங்கல் தூளும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி ‘எதற்குத் தேய்த்தார்கள்?’ என்பதுதான். அவர் முதுகுக்குப் பின்னால் பூங்காவனம் இரண்டு கைகளையும் கூப்பி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று அந்தப் பார்வையில் எனக்குப் புரியவில்லை.

“நீயே சொல்றியாம்மா?” என்று அவளிடம் கேட்டேன்.

அவள் வாயைத் திறப்பதற்குள், “அவ இன்னாங்க சொல்லப் போறா? பல்லு கூச்சந்தாங்க” என்றாள் பூங்காவனம். செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

“பல காரணம் இருக்குங்க. ஆனா வேற நோவு எதுவும் இல்ல. அதுக்கு நான் பொறுப்பு” என்றேன்.

“செரிங்க” என்றார் அவர். கும்பிட்டார், போய்விட்டார். அந்தச் ‘செரிங்க’வைக் கேட்டதுமே இந்தக் கல்யாணம் நடக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நோயாளி தரப்பில் மறைக்கச் சொன்னதை மறைத்தேன். அது நம் தொழிலின் தர்மம். இன்று அதே மனிதர் வந்து அதே கேள்வியைக் கேட்டாலும் அதையே செய்வேன், நீங்களும் அதையே செய்யுங்கள். ஆனால் தர்மப்படி நடந்துவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். பாதி சொல்லி நிறுத்திய இடத்தை மனிதர்கள் காலியாக விடுவதில்லை. தங்களுக்கு எது பயமோ அதைப் போட்டு நிரப்பிக்கொள்கிறார்கள்.

வலிப்புக்காரப் பெண் என்று பேச்சு கிளம்பிவிட்டது. பூங்காவனம் தனியாக என்னிடம் வந்தாள். முகமே மாறிப்போயிருந்தது.

“நாலு பல்லயும் எடுத்துடுங்க. கறயும் போவும், கூச்சமும் போவும். புதுசா வெள்ளப் பல்லு கட்டிக்கலாம். வலிப்புன்னு எவனும் சொல்ல மாட்டான்.”

“பல்லு தேறிக்கிட்டு வருதும்மா. இன்னும் கொஞ்ச நாள் பொறு.”

“எம் பொண்ணு வயசு பொறுக்குமா டாக்டரம்மா?”

எடுக்க மாட்டேன் என்றேன். நோயற்ற பல், வாழ்நாள் முழுவதும் நிற்கக்கூடிய பல். எடுத்தால் தாடை எலும்பு கரையும், கட்டின பல்செட் ஆடும், பக்கத்துப் பற்களும் கெடும் என்று என்னால் முடிந்தவரை சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். “நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாரத்தில் செல்வி ஒருமுறை தனியாக வந்தாள். மருந்து தடவினேன். எழுந்து நின்று, “இன்னிக்குக் காலைல பழையது துன்னேன் டாக்டரம்மா. கம்மியாத்தான் கூசுச்சி” என்றாள். சிரித்தாள். அவள் என் முன்னால் பல் தெரியச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கறை இருந்தது. இருந்தால் என்ன, அழகான சிரிப்பு.

அதன் பிறகு அவள் வரவில்லை. ஆள் அனுப்பி விசாரித்தேன். வேலைக்குப் போயிருக்கிறாள் என்று பதில் வந்தது. பிறகு ஒருநாள் ஈறு வீங்கி வந்து நின்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் பல் கட்டுகிற ஒருவரிடம் நான்கையும் எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரே அளவில், ஒரே வெள்ளையில் நான்கு பற்கள். அவள் முகத்துக்குச் சற்றே பெரியவை. நான் புண்ணைச் சுத்தம் செய்தேன். அவளாகத்தான் சொன்னாள், “இப்ப கூசல டாக்டரம்மா.” எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்.

அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. கொத்து வேலைக்காரர், மோசமில்லாத மனிதர் என்று கேள்விப்பட்டேன். பூங்காவனம் என் பக்கமே வரவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் வேறு சந்தில் திரும்பிவிடுவாள். பிறகு அவளும் இறந்துபோனாள்.

சில வருடங்கள் கழித்து அந்தத் தாய்மாமன் ஆடுகிற கடைவாய்ப்பல்லோடு வந்தார். எடுத்துவிட்டேன். பஞ்சைக் கடித்துக்கொண்டு போகாமல் நின்றார்.

“அந்தப் பொண்ணு நல்லாக் கீதுங்களா?”

“எந்தப் பொண்ணு?” என்று கேட்டேன், தெரியாததுபோல.

“கொட்டாயில புளி ஒடச்சிக்கினு இருந்துச்சே. வலிப்பு இல்ல, பல்லு கறதான்னு அப்பறமா ஊர்ல சொன்னாங்க. கறைக்காவ பல்லயே எடுத்துடுச்சாமே.” பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “கறன்னா இன்னாங்க டாக்டரம்மா? எங்க ஊரு தண்ணிக்கு பொறக்கற புள்ளைங்க எல்லாத்துக்கும் கறதான். எங்க அக்கா மவன், அந்த மாப்புள பையன் பல்லு எப்டி இருக்கும் தெரியுங்களா? பொண்ணு பாக்கப் போன அன்னிக்கி வாயத் தொறக்காதடான்னு நாந்தான் சொல்லிக் கூட்டிக்கினு போனேன்.”

ஒரே அறையில் எதிரும் புதிருமாக இரண்டு பேர், ஒரே கறையை மறைத்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் மூடச் சொல்லி அழைத்து வந்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் சிரித்திருந்தால் போதும். அவரும் அன்று என் மேஜை முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு கையிலிருந்த பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனார்.

அதனால்தான் பிள்ளைகளே, கூச்சம் என்று வருகிறவரிடம் எங்கே கூசுகிறது, எப்போது கூசுகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். கல்யாணமா, வேலையா, ஊர்ப்பயணமா, எதற்காக இப்போது வந்தார் என்று கேளுங்கள். கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பல் கூசுவது பாதி. மீதியை அவர்கள் வேறெங்கோ வைத்திருக்கிறார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு, பல்லின் நிறத்திலேயே இருக்கும் பசையைப் பூசி, நீல வெளிச்சம் காட்டி இறுக வைக்கும் கருவி எங்களுக்கும் வந்து சேர்ந்தது. உங்களுக்கு அது தினசரி சமாச்சாரம். எனக்கு அப்போது அது அதிசயம். அந்த நாட்களில் ஒருநாள் செல்வி வந்தாள். ஆள் தடித்திருந்தாள், தலையில் ஒன்றிரண்டு நரை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை.

“எம் பொண்ணு டாக்டரம்மா. சங்கீதா. பால்பல்லு வுழுந்து மொளச்சதே கறயா மொளச்சிருக்குது. நான் வாக்கப்பட்ட ஊரு தண்ணியும் அப்டித்தான். பள்ளிக்கொடத்துல காவிப்பல்லுன்னு கூப்புடறாங்கன்னு அழுவுது. பெருசான பெறவு எடுத்தா கஷ்டம். எனுக்கு எடுத்தாப்புல இவளுக்கும் இப்பவே எடுத்துடுங்க.”

கோபமோ துக்கமோ எதுவும் இல்லாமல், முடி வெட்டச் சொல்வது போலச் சொன்னாள்.

குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்தேன். வலிக்கிறதா, கூசுகிறதா என்று கேட்டேன். இல்லை இல்லை என்று தலையாட்டியது. உறுதியான பற்கள். மேலே இரண்டு முன்பற்களில் மட்டும் பழுப்புத் திட்டு. மேல்கறையை மெல்ல இழைத்து, பசையைப் பூசி, வெளிச்சத்தைக் காட்டினேன். செல்வி பக்கத்திலேயே நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை ஒருமுறைகூட முனகவில்லை. கண்ணாடியைக் கொடுத்தேன்.

“சில வருஷம் கழிச்சித் திரும்பப் பூச வேண்டி வரும். கூட்டிக்கிட்டு வந்துடு. மத்தபடி எல்லாம் முடிஞ்சிபோச்சு” என்றேன்.

“அவ்ளோதானா டாக்டரம்மா?”

வேலை முடிந்ததா என்றுதான் கேட்கிறாள் என்று நினைத்தேன். “அவ்வளவுதாம்மா” என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன். அவள் மகளின் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, அந்த இரண்டு பற்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எனுக்கு இருந்ததும் இதே கறதானே?”

“இதேதாம்மா.”

“எங்கம்மா இருந்திருந்தா பாத்திருக்கும்” என்றாள்.

அழுதுவிடுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. மகளைப் பார்த்து, “சிரிடி” என்றாள். சங்கீதா பழைய பழக்கத்தில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செல்வி அந்தக் கையை எடுத்துவிட்டு, “கைய எடுத்துட்டுச் சிரி” என்றாள். குழந்தை கையை எடுத்துவிட்டுச் சிரித்தது. “இன்னொரு வாட்டி” என்றாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் பொறுமை இழந்து கதவைத் தட்டும்வரை அவள் மகளைச் சிரிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.